நேஷனல் பர்மிட்டின் இடதுபக்க ஸ்டூல்

வீடியோ கேமில் பின்னால் வரும் எதிராளிக்குக் கையைக் காட்டி வழிவிட்ட மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் எங்கள் ராசிபுரத்துக்காரர். மற்றவர்கள் முந்துவதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும்போது, "பாவம், அவனுக்கு என்ன அவசரமோ" என்று ஓரம் ஒதுங்கியவர். அவருடைய பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. ஊரில் எல்லோருக்கும் அவர் நேஷனல் பர்மிட்.

நேஷனல் பர்மிட் லாரியை இந்தியா முழுக்க ஓட்டி ஓய்ந்தவர். டீயில் சர்க்கரை குறைவு என்று நீங்கள் சொன்னால் நாக்பூரில் குடித்த டீயிலிருந்து ஆரம்பிப்பார். மழை வரும்போலிருக்கிறதே என்றால் அஸ்ஸாமுக்குக் கிளம்பிவிடுவார். அவரை அங்கிருந்து ராசிபுரத்துக்குத் திரும்பக் கூட்டிவருவதற்குள் மழை பெய்து ஓய்ந்திருக்கும். அதனால் தெருவில் அவர் வருவதைப் பார்த்தாலே பலருக்கு அவசர வேலை ஞாபகம் வந்துவிடும்.

நான் கல்லூரி முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த காலம். என் நண்பன் குமரேசன் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், லாரி உதிரிபாகக் கடைக்கு மேல்மாடியில் கேம் சென்டர் வைத்திருந்தான். நான் கல்லாவில் உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் அவன் பெங்களூரில் யாரோ வேண்டாமென்று விற்ற ஒரு வளையத்தை வாங்கி வந்தான். பார்க்க ஸ்டியரிங் மாதிரி இருக்கும், ஆனால் மேசையில் மாட்ட வேண்டாம், வயர் கிடையாது, காலுக்கு பெடல் கிடையாது. வெறும் காற்றில் பிடித்துக்கொண்டு கையைச் சாய்த்தால், அசைவை அதுவே தெரிந்துகொண்டு திரையில் காரைச் சாய்க்கும். வேகத்தையும் அதுவே பார்த்துக்கொள்ளும். பிரேக்குக்கு மட்டும் இடது கட்டைவிரலுக்கடியில் ஒரு பட்டன்.

எங்கள் விளையாட்டு வீரர்கள் அதை வரவேற்ற விதத்தைச் சொல்ல வேண்டும். முதலில் பிடித்தவன் வளைவில் உடம்போடு சாய்ந்து நாற்காலியோடு விழுந்தான். அடுத்தவன் திருப்பிய வேகத்தில் பக்கத்தில் இருந்தவனின் தாடையைப் பெயர்த்தான். மூன்றாமவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதில் இட்லி ஊற்றலாம் என்றான். சென்டரின் முடிசூடா மன்னன் ஒரு பாலிடெக்னிக் பையன். காதிலிருந்து ஹெட்செட்டைக் கழற்றவே மாட்டான் என்பதால் அவனுக்கு ஹெட்செட் என்றே பெயர். அவன் தீர்ப்புச் சொன்னான்.

"கேமுன்னா விரல்ல ஆடோணுங்ணா. இது மாவாட்டற வேலைங்ணா."

அத்துடன் வளையம் ஆணியில் ஏறியது. காலண்டருக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

அது தொங்கிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், படிக்கட்டை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து மிதித்துக்கொண்டு நேஷனல் பர்மிட் மேலே வந்தார். கீழே கடையில் யாரையோ பிடித்து ஒரிசாவுக்குக் கூட்டிப்போய்க்கொண்டிருந்தாராம், பாதி வழியில் சத்தம் கேட்டிருக்கிறது.

"ஏனுங் தம்பி, மேல எந்த வண்டி இப்படி செகண்டு கியர்லயே கத்துது?"

திரையைக் காட்டினேன். நின்று பார்த்தார். ஓட்டிப் பார்க்கிறீர்களா என்று ஒரு மரியாதைக்குக் கேட்டேன். அவர் மேசையடியில் இருந்த பழைய ஸ்டியரிங்கின் பெடலைப் பார்த்துவிட்டு முடியாதென்று தலையை ஆட்டினார். சர்க்கரை வியாதியில் பாதத்தில் உணர்ச்சி போய்விட்டது. கிளட்சை மிதித்திருக்கிறோமா இல்லையா என்பதே தெரியாத அளவுக்கு ஆனபோதுதான் வண்டியை விட்டு இறங்கினார்.

"காலு மரத்துப் போச்சு சாமி. கையி மட்டுந்தான் நம்ம பேச்சக் கேக்குது."

நான் ஆணியிலிருந்து வளையத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அதன் பிறகு அந்த மனிதரின் முகத்தில் வந்த மாற்றத்தைப் பார்க்க நீங்கள் அங்கே இருந்திருக்க வேண்டும். துண்டை உதறித் தோளில் போட்டார். முதுகை நிமிர்த்தினார். வளையத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்புறம் இடதுபக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டார்.

"லெப்ட்டுக்கு ஆளு?"

"இது ஒருத்தர் ஆடறதுங்ணா."

"ஆளில்லாம எப்படி சாமி வண்டிய எடுக்கறது?"

ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு அவருக்கு இடதுபக்கம் உட்கார்ந்தேன். கிளீனராக என் வேலை என்ன என்பதையும் அவரே சொன்னார். கிளம்பும்போது 'லெப்ட் க்ளியர்' சொல்ல வேண்டும். ஓரம் கட்டும்போது 'வரட்டும், வரட்டும்' சொல்ல வேண்டும். தூங்கக் கூடாது. பட்டப்படிப்பு முடித்து எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகம் அது.

அவர் ஓட்டிய லட்சணம் இருக்கிறதே. எல்லாக் கார்களும் சீறிப் பாய, இவர் பிரேக்கிலேயே கட்டைவிரலை வைத்துக்கொண்டு உருட்டிக்கொண்டு போவார். வழியில் ஏதாவது கட்டடம் வந்தால் செக்போஸ்ட் என்று நிறுத்துவார். இதெல்லாம்கூடப் பரவாயில்லை. பந்தயத்தில் கடல்மேல் ஒரு நீளப் பாலம் வரும். அங்கே பின்னால் கார் சத்தம் கேட்டதும், இத்தனை வருஷப் பழக்கத்தில் வலது கையை எடுத்து வெளியே நீட்டி, போ போ என்று ஆட்டுவார். கை போனால் வளையம் வலதுபக்கம் தொங்கும். வளையம் தொங்கினால் கார் வலதுபக்கம் திரும்பும். வலதுபக்கம் கடல்.

"ஏஞ்சாமி, எறங்கிருச்சா?"

"எறங்கிருச்சுங்ணா."

"வழி உட்டது தப்பா?"

தினமும் மத்தியானம் வருவார், தினமும் கடலில் விழுவார். பையன்களுக்கு அது ஒரு வேடிக்கை. அவர் தலை தெரிந்ததும், "கப்பல் வந்துருச்சு" என்பான் ஹெட்செட். அவரும் சிரிப்பார்.

மனைவி இறந்துவிட்டார், மகள் திருப்பூரில். கடைசி சில வருஷங்கள் முதலாளி கிளீனர் வேண்டாமென்று நிறுத்திவிட, குஜராத் வரைக்கும்கூடத் தனியாகவே ஓட்டியிருக்கிறார். இதையெல்லாம் சோகமாகச் சொல்ல மாட்டார், தமாஷாகத்தான் சொல்லுவார்.

"தண்ணிக் கேன லெப்ட் சீட்ல உக்கார வெச்சு, அதுங்கூடப் பேசிக்கிட்டே போவேன். நல்ல பையன் சாமி. எதுத்துப் பேச மாட்டான், பேட்டா கேக்க மாட்டான்."

நான் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகு ஸ்டூலை அவர் பக்கம் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டேன்.

அந்தத் திரைக்காகப் பையன்கள் காத்துக் கிடப்பதைக் குமரேசன் பார்த்துக்கொண்டே இருந்தான். கடைசியில் வளையத்தை விற்றுவிடப் போவதாகச் சொன்னான். நான் அவனிடம் மன்றாடினேன். அது போனால் அந்த மனிதருக்கு உட்கார்ந்து பேச வேறு இடம் இல்லை என்றேன். குமரேசன் கல் நெஞ்சுக்காரன் இல்லை, வியாபாரி. ஞாயிறுதோறும் பையன்களுக்குள் நடக்கும் பந்தயத்தை வைத்து ஒரு நிபந்தனை போட்டான். "ஞாயித்துக்கெழம பந்தயத்துல கடைசியா வந்தாலும் சரி, கடல்ல எறங்காம கோட்டத் தொட்டுட்டாருன்னா அது ஆணியிலயே இருக்கட்டும். இல்லீன்னா வித்துருவேன்."

அவரிடம் சொன்னோம். அன்றைக்கு அவர் எந்த மாநிலத்துக்கும் போகவில்லை. வளையத்தைத் தடவிக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை துவைத்த சட்டையில் வந்தார். ஒரு எலுமிச்சம்பழத்தைத் திரைக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டார். பிறகு தோள் துண்டை என்னிடம் நீட்டினார்.

"இந்தக் கைய வளையத்தோட சேத்துக் கட்டிரு சாமி. அது நம்ம சொன்னா கேக்காது."

வலது மணிக்கட்டை வளையத்தோடு இறுக்கிக் கட்டினேன். ஹெட்செட்டும் இன்னும் சில பையன்களும் மற்றக் கார்களில். ஸ்டூலில் உட்கார்ந்து லெப்ட் க்ளியர் சொன்னேன். வண்டி கிளம்பியது.

பாலம் வந்தது. பின்னால் சத்தம் கேட்டதும் கட்டுக்குள் அவர் கை துள்ளியதை என் கண்ணால் பார்த்தேன். கை வராததால் தலையை ஆட்டினார். "போ சாமி, போ போ" என்று வாயால் வழிவிட்டார். கார் ஆடியது, அசைந்தது, ஆனால் விழவில்லை. பாலம் தாண்டியதும் அத்தனை பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். இதுவரை கப்பல் என்றவர்கள், "உடாதீங்ணா, உடாதீங்ணா" என்று கத்தினார்கள். கோடு கண்ணுக்குத் தெரிந்தது.

கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு கார் பாறையில் மோதிக் குப்புறக் கிடந்தது. ஹெட்செட்டின் கார். அவன் எல்லாப் பட்டனையும் அமுக்கிக்கொண்டிருந்தான், அது எழுந்திருக்கவில்லை. நேஷனல் பர்மிட் அதன் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

"போங்ணா, கோடு அதா தெரியுது," என்றேன்.

"வண்டி நிக்குதுல்ல சாமி."

"அது கேமுங்ணா. அதுல ஆளே இல்லீங்ணா."

"ஆளில்லயா? இக்கட்டதான உக்காந்திருக்கான், பாரு." ஹெட்செட்டைத் தாடையால் காட்டினார். "சத்தீஸ்கர்ல ஒருக்கா ஆக்சில் ஒடஞ்சு நின்னேன். போறவனெல்லாம் ஆரன் அடிச்சிட்டுப் போனான். ஒருத்தன் நிக்கல. சோறு திங்காததுகூடப் பெருசில்ல சாமி, பேச்சுக்கு ஒரு ஆளில்ல."

பந்தயத்துக்கு வைத்த நேரம் முடிந்தது. திரையில் ஆட்டம் அணைந்தது. ஹெட்செட் மெல்ல ஹெட்செட்டைக் கழற்றினான். அவனுக்குக் காது இருந்ததை நாங்கள் பார்த்தது அன்றைக்குத்தான்.

"என்ற வண்டிக்குப் பின்னாடி யாருமே நின்னதில்லீங்ணா," என்றான்.

குமரேசன் எங்கள் பக்கம் வந்தான். தோற்றதைத் தோற்கவில்லை என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை, விற்கவும் மனது வரவில்லை. கட்டை அவிழ்த்து, வளையத்தை அவரிடமே நீட்டினான்.

"இது உங்களுக்குத்தாங்ணா. ஊட்டுக்கு எடுத்துட்டுப் போங்க."

பையன்கள் கை தட்டினார்கள். அவர் வளையத்தை வாங்கிக்கொண்டார். என்னைப் பார்த்தார், ஸ்டூலைப் பார்த்தார்.

"ஊட்டுல லெப்ட்டுக்கு ஆளில்லயே சாமி."

கை தட்டல் சத்தத்தில் அது என் காதில் மட்டும்தான் விழுந்தது. அவர் படியைப் பார்த்துப் பார்த்து மிதித்து இறங்கிப் போனார். சென்டரில் இருக்கும் கேம் பெட்டி இல்லாமல் வளையம் எதற்கும் உதவாது என்பது எனக்கும் குமரேசனுக்கும் சாயங்காலம்தான் உறைத்தது. அதற்குப் பிறகு அவர் சென்டருக்கு வரவில்லை. வளையத்தைக் கொடுத்து இடத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டோம் என்று நினைத்திருப்பார்.

எனக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. கேம் எல்லாம் போனுக்குள் போய்விட்டதால் குமரேசன் சென்டரை மூடிவிட்டான். சென்னையில் என் அறையில் இருந்தபடியே வேலை, அங்கேயே சாப்பாடு. எனக்கு லெப்ட்டுக்கும் ஆளில்லை, ரைட்டுக்கும் ஆளில்லை. சில நாள் வாய் திறந்து பேசுவது சாப்பாடு கொண்டுவரும் பையனிடம் மட்டும்தான். அப்படிப்பட்ட நாட்களில் யாராவது என்னை நாக்பூருக்குக் கூட்டிப்போனால் நன்றாக இருக்குமே என்று தோன்றும்.

போன மாதம் ஊருக்குப் போனபோது விசாரித்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். வெண்ணந்தூர் போகிற வழியில் ரோட்டை ஒட்டிய வீடு. கதவு திறந்துதான் இருந்தது. ரோட்டைப் பார்த்த ஜன்னலுக்கு முன்னால் நாற்காலி போட்டு, அந்த வளையத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெளியே லாரி ஒன்று போனது. வலது கையை எடுத்து ஜன்னலுக்கு வெளியே நீட்டி, போ போ என்று ஆட்டினார். இப்போது விழுவதற்குக் கடல் இல்லை.

அவருக்கு இடதுபக்கம் ஒரு ஸ்டூல் இருந்தது. அதன்மேல் ஒரு தண்ணிக் கேன் உட்கார்ந்திருந்தது.

என்னைப் பார்த்ததும் அவர் ஆச்சரியப்படவில்லை. எங்கேயோ டீ குடிக்க இறங்கிப் போனவன் திரும்பி வந்த மாதிரிதான் பார்த்தார். கேனை எடுத்துத் தரையில் வைத்தார்.

"இவன் சித்த நேரம் எறங்கட்டும். ஏறு சாமி."

ஏறினேன். அவர் வளையத்தைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தார். வண்டியை எடுக்கவில்லை. எதற்காகக் காத்திருக்கிறார் என்பது எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது.

"லெப்ட் க்ளியருங்ணா," என்றேன்.

சென்னை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பாக்கெட்டில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அடிக்கட்டும். நாங்கள் அப்போதுதான் நாக்பூர் தாண்டியிருந்தோம், கிளீனர் எப்படிப் பாதி வழியில் இறங்குவது?