இறங்கச் சொன்னால்தான் இறங்குவார்

காத்திருக்கச் சொன்னால் சந்தோஷப்படுகிற மனிதர் இந்தப் பூலோகத்தில் ஒரே ஒருவர்தான் பிறந்தார். அவரை ஓசூரில் பிறக்கவைத்து, விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்து, பொறுமை என்றால் என்னவென்றே தெரியாத என் தலையில் கட்டினார்கள்.

ஐம்பதுகளில் சென்னைக்கும் பெங்களூருக்கும் பறந்த டகோட்டா விமானம் ஒன்றில் நான் ரேடியோ ஆபரேட்டர். விமான நிலையத்து டவர் சொல்வதைக் கேப்டனிடமும், கேப்டன் சொல்வதை டவரிடமும் சொல்வது என் வேலை. டவரின் உத்தரவுகளில் கேப்டன்களுக்குக் கட்டோடு பிடிக்காதது ஒன்று உண்டு: இப்போது இறங்காதே, சொல்லும்வரை மேலேயே சுற்று. கீழே மழை பெய்யும், அல்லது ஓடுபாதையில் மாடு மேயும். இதைச் சொன்னால் மற்ற கேப்டன்கள், அந்த மாட்டை நானே ஓட்டிக்கொண்டு போய் விட்டதுபோல் என்னை முறைப்பார்கள்.

இவர் மட்டும் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "நல்லதாப் போச்சு, சுத்தறோம்னு சொல்லுப்பா" என்பார். அதனால்தான் அவருக்குச் சுத்துக் கேப்டன் என்று பெயர். எங்களைக் காத்திருக்கச் சொல்வது பெரும்பாலும் ஓசூர் ஏரிக்கு மேலே. சொந்த ஊரை மேலேயிருந்து பார்க்க யாருக்குக் கசக்கும்? விமானத்தைத் துணை விமானியிடம் கொடுத்துவிட்டு, பயணிகளிடம் போய்த் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் விளக்குவார்.

"பயப்படாதீங்க. பெங்களூர்ல நமக்கு முன்னாடி மழை எறங்கிடுச்சு. அது போவட்டும், நாம எறங்கலாம்."

பிறகு ஜன்னல் வழியே தேன்கனிக்கோட்டைப் பக்கம் கையை நீட்டி, தன் மாமாவின் ராகிக் கொல்லையை யானை மேய்ந்த கதையை ஆரம்பிப்பார். கதை முடிவதற்குள் டவர் இறங்கச் சொல்லிவிட்டால் முகம் வாடிவிடும்.

ஆகாயத்தோடு விட்டாரா என்றால் இல்லை. முடிவெட்டும் கடையில் "கொஞ்சம் இருங்க சாமி" என்று சொன்னால் போதும், பெஞ்சில் உட்காராமல் வெளியே போய்ச் சந்தைத் திடலைச் சுற்ற ஆரம்பித்துவிடுவார். நேராகக் கொஞ்ச தூரம், ஒரு திருப்பம், மறுபடி நேராகக் கொஞ்ச தூரம், மறுபடி ஒரு திருப்பம். "ஒரு எடத்துல நில்லுங்க சார், பாக்கிற எனக்குத் தலை சுத்துது" என்று ஒருநாள் கெஞ்சினேன். "நின்னா விழுந்துடுவோம்பா" என்று சொல்லிக்கொண்டே என்னைக் கடந்து போனார். ஒருமுறை பேருந்து நிலையத்தில் அவர் காத்திருந்த தேன்கனிக்கோட்டை பஸ் வந்து, மற்றவர்களை ஏற்றிக்கொண்டு போயும் விட்டது. அவர் அப்போது அந்தக் கோடியில் திரும்பிக்கொண்டிருந்தார்.

இப்பேர்ப்பட்டவருக்குப் பெண் கொடுக்க வேப்பனப்பள்ளி மாந்தோப்புக்காரர் ஒருவர் அரை மனதாகச் சம்மதித்தார். மீதி அரை மனதில் மத்தூர் மண்டிக்கடைப் பையன் ஒருவன் இருந்தான். சுத்துக் கேப்டனுக்கோ முழு மனது. பெண் பார்த்துவிட்டு வந்த நாள் முதல் யானைக் கதையையே மறந்துவிட்டார்.

ஆனி கடைசி நாள் நிச்சயதார்த்தம். ஓசூரில் கேப்டனின் அக்கா வீட்டில் பந்தல். பொழுது சாய்வதற்குள் மாப்பிள்ளை நேரில் வந்து நின்றால்தான் தட்டு மாற்றுவேன் என்பது பெண்ணின் அப்பா போட்ட நிபந்தனை. விடிந்தால் ஆடி, ஒரு மாதத்துக்கு எதுவும் பேச முடியாது. அன்றைக்கென்று பார்த்து இன்னொரு கேப்டன் காய்ச்சலில் படுத்தார். "போயிட்டு மத்தியானம் வந்துடறேன்" என்று இவர் கிளம்பிவிட்டார்.

திரும்பி வரும்போது பெங்களூரில் பேய்மழை. ஓசூருக்கு மேலே சுற்றச் சொன்னது டவர். முதல்முறையாக அவர் "நல்லதாப் போச்சு" என்று சொல்லவில்லை. கீழே பச்சை ஓலைப் பந்தல் தெரிந்தது. "அவ வந்திருப்பாளா?" என்று மட்டும் கேட்டார்.

கீழே நடந்ததைப் பிறகு அவருடைய அக்கா எனக்குச் சொன்னார்.

"மாப்பிள்ளை எங்கம்மா?" என்று பெண்ணின் அப்பா கேட்டிருக்கிறார்.

"வந்துட்டானுங்க. மேல இருக்கான்."

மனிதர் மாடிப்படியைப் பார்த்திருக்கிறார். அக்கா வானத்தைக் காட்டியிருக்கிறார்.

"எப்ப எறங்குவாரு?"

"எறங்கச் சொன்னா எறங்குவானுங்க."

"பாகுந்தி!" என்று தெலுங்கில் தலையில் அடித்துக்கொண்டாராம். நல்லா இருக்குது என்று அர்த்தம். நல்லா இல்லை என்பது கருத்து.

மேலே எங்களுக்கு ஒருவழியாக உத்தரவு வந்தது. பெங்களூர்ப் பக்கம் திரும்பினோம். அதற்குள் டவர் மறுபடி கூப்பிட்டது. பம்பாயிலிருந்து வரும் விமானத்தில் பெட்ரோல் குறைவு, அதை முதலில் இறக்க வேண்டும், நீங்கள் இன்னும் கொஞ்சம் காத்திருக்க முடியுமா?

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இன்னிக்கு உங்க நிச்சயதார்த்தம்னு சொல்லிடட்டுமா சார்?"

"வேணாம்பா. சொன்னா டவர்ல இருக்கிறவன் பாவம், சங்கடப்படுவான். அவங்ககிட்ட பெட்ரோல் இல்ல, நம்மகிட்ட இருக்குது. சுத்தறோம்னு சொல்லு."

பந்தல் இருந்த பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தார். ஆனால் திருப்பம் வழக்கம்போல் வழவழவென்று இருந்தது, பயணிகள் ஒருவரும் அசையவில்லை.

கீழே, போன விமானம் திரும்பி வந்ததைக் கண்டதும் பெண்ணின் அப்பா எழுந்துவிட்டார். "இவன் குடித்தனம் பண்ற லட்சணம் இதுதான்! பொறப்படுங்க, மத்தூருக்குச் சொல்லி அனுப்பலாம்."

அப்போது பெண் வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்தாள். "அக்கா, அதுக்குள்ள எத்தினி பேரு இருப்பாங்க?"

"ஒரு பஸ் நெறைய இருப்பாங்கம்மா."

"அத்தினி பேரையும் வுட்டுட்டு அவரு மட்டும் குதிச்சு வரணுமா நாயனா? உக்காருங்க."

அப்பா உட்கார்ந்தார்.

நாங்கள் இறங்கி, டாக்ஸி பிடித்து ஓசூர் வந்து சேர்ந்தபோது மலைக்கோயில் கோபுரத்தில் மட்டும் வெயில் மிச்சமிருந்தது. "ஆரத்தி எடுத்தாரேன், அங்கயே இருங்க" என்றார் ஒரு அத்தை. கேப்டன் உடனே பந்தல்காலைச் சுற்ற ஆரம்பித்துவிட்டார். நான்தான் சட்டையைப் பிடித்து நிறுத்தினேன். உள்ளேயிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது.

பெண்ணின் அப்பா எதிரே வந்து நின்றார். டாக்ஸிக்காரரிடம் பெட்ரோல் கதை முழுவதையும் நான் புலம்பிக்கொண்டிருந்தது அவர் காதில் விழுந்திருந்தது.

"நீங்க வரலைன்னா எம் பொண்ணை மத்தூருக்குக் குடுத்திருப்பேன். தெரியுமா?"

"தெரியுங்க."

"தெரிஞ்சுமா வழி வுட்டீங்க?"

"அந்த ப்ளேன்லயும் யாராச்சும் வீட்டுக்குத்தானுங்க போயிக்கிட்டு இருந்திருப்பாங்க."

அவர் திரும்பி உள்ளே போனார். பிறகு பெண்டுகளுக்குக்கூடக் காத்திராமல், தாம்பூலத் தட்டைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார்.

அதற்கப்புறம் எத்தனையோ கேப்டன்களோடு பறந்தேன். சொன்ன நேரத்துக்குக் கொண்டுபோய் இறக்கியவர்களும் உண்டு. ஆனால் அந்த மனிதர் ஓட்டுகிறார் என்றால் இன்றைக்கும் ஏறி உட்கார்ந்துவிடுவேன். எப்போது இறங்குவோம் என்று கேட்கவே மாட்டேன்.