வாடகை பாத்ரூமுக்கு வந்த பளபளப்பு

இந்த வீட்டை விட்டு நகரவே மாட்டேன் என்று முடிவு செய்தேன். பல் துலக்கும்போது எடுத்த முடிவு. வாய் நிறைய நுரை இருந்ததால் சத்தமாகச் சொல்ல முடியவில்லை. நுரை இல்லாவிட்டாலும் சொல்லியிருக்க மாட்டேன். மனைவி பக்கத்து அறையில்தான் இருந்தாள்.

மாடியில் வாடகை வீடு. படி இறங்கித் தெருவைக் கடந்தால் என் ஆபீஸ். மதியம் வீட்டுக்கு வருவேன், சாப்பிடுவேன், ஜன்னலோரக் கட்டிலில் ஒரு குட்டித் தூக்கம் போடுவேன். பிறகு எதுவுமே நடக்காத முகத்தோடு ஆபீசில் போய் உட்கார்ந்துவிடுவேன். உலகத்தில் எனக்கென்று இருக்கிற ஒரே சொத்து அந்தத் தூக்கம்தான்.

மனைவிக்கு அவள் அக்கா வீட்டுப் பக்கம் குடிபோக ஆசை. அக்கா நல்லவர். அக்காவின் கணவர், அதாவது என் சகலை, அவரைவிட நல்லவர். சிக்கலே அதுதான். விடியும் முன்னே எழுந்து நடக்கப் போவார். தனியாகப் போக மனசு வராது. கண்ணுக்கு எட்டிய தூரத்தில் எவன் தூங்கினாலும் எழுப்பிக் கூட்டிக்கொண்டு போவார். ஒருமுறை அவர் வீட்டில் தங்கியபோது என்னை அவர் நடத்திய நடையில், திரும்பி வரும்போது எனக்குச் செருப்பு இருந்தது, கால் இருந்ததா என்று நிச்சயமில்லை.

இதையெல்லாம் மனைவியிடம் சொல்ல முடியுமா? "வீடு மாத்துறதுக்கு ஒரு காரணம் சொல்லு பார்ப்போம்" என்று மட்டும் கேட்டேன்.

"பாத்ரூம்" என்றாள்.

"பாத்ரூமுக்கு என்ன?"

"அங்க குளிச்சுட்டு வந்தா, இன்னொரு இடத்துல போய் ஒரு தடவை குளிக்கணும் போல இருக்கு."

அவள் சொன்னது பொய் இல்லை. வாஷ்பேசின் வெள்ளையாகப் பிறந்து மஞ்சளாக வளர்ந்து பழுப்பாக முதிர்ந்திருந்தது. குளியல் தொட்டியின் அடியில் துருக்கறை ஒன்று, யாரோ உட்கார்ந்து எழுந்த அடையாளம் மாதிரி.

"அதைச் சரிபண்ணிட்டா இங்கயே இருக்கலாம்ல?"

"யாரு சரிபண்றது?"

"நான்தான்."

"உங்களால முடியாதுங்க."

ஒரு கணவனிடம் சொல்லக் கூடாத வார்த்தை இது. பின்னால் யோசித்தபோதுதான் புரிந்தது, அவள் அதைத் தெரிந்தேதான் சொல்லியிருக்கிறாள்.

புதுத் தொட்டி வாங்கிப் போட நான் என்ன ஏமாளியா? அடுத்தவர் வீட்டுக்கு என் காசில் சீர் செய்ய முடியாது. பழசின் மேலேயே பூசிப் புதுசாக்கிவிடலாம் என்று பெயின்ட் கடைக்காரர் சொன்னார். இரண்டு டப்பாக்களை எடுத்து வைத்தார்.

"இதையும் அதையும் கலந்து அடிக்கணும். பீங்கான் மாதிரி ஆயிடும். ஆனா கலந்துட்டா உடனே அடிச்சு முடிச்சுடணும். வச்சிருந்தா டப்பாவிலேயே கல்லாயிடும்."

"சரி."

"காயற வரைக்கும் தண்ணி படக் கூடாது."

"பாத்ரூம்ல எப்படிங்க தண்ணி படாம இருக்கும்?"

"அது உங்க குடும்ப விஷயம்" என்று அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. கீழ் வீட்டில் குடியிருக்கும் ஓனர். குடிவந்த அன்றே, தன்னைக் கேட்காமல் சுவரில் ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அதனால் எங்கள் வீட்டுக் காலண்டர் நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கும், நாங்கள் நின்றுகொண்டிருப்போம். எனவே வேலை ரகசியமாக நடக்க வேண்டும் என்று மனைவியிடம் கண்டிப்பாகச் சொன்னேன். அவளும் கண்டிப்பாகத் தலையாட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை களத்தில் இறங்கினேன். தேய்த்தேன், கழுவினேன், துடைத்தேன், உப்புத்தாள் போட்டு மறுபடி தேய்த்தேன். மனைவி அவ்வளவு ஒத்தாசை செய்து நான் பார்த்ததே இல்லை. கேட்கும் முன்னே துணி வந்தது. போனில் போட்டோ வேறு எடுத்துக்கொண்டே இருந்தாள்.

"எதுக்கு இத்தனை போட்டோ?"

"உங்க கைவண்ணத்தை நாலு பேர் பார்க்க வேணாமா?"

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இரண்டு டப்பாவையும் அப்படியே கவிழ்த்துக் கலக்கினேன். வாஷ்பேசினுக்கு அடித்தேன். பளபளவென்று நின்றது. தொட்டிக்கு அடித்தேன். எனக்கே கண் கலங்கியது. கொஞ்சம் பெயின்ட் வாடையும் காரணம். இரண்டும் முடிந்த பிறகு பார்த்தால் முக்கால்வாசி பெயின்ட் மிச்சம்.

கல்லாகிவிடுமே! காசு போட்டு வாங்கியதை வீணாக்க மனசு வரவில்லை. சோப்பு டப்பாவுக்கு அடித்தேன். மக்குக்கு அடித்தேன். டவல் கம்பி, கண்ணாடிச் சட்டம், கொக்கி எல்லாம் வெள்ளையாயின. குழாய்க்கும் அடித்தேன். இனி அது திறக்குமா என்பது வேறு கேள்வி. அப்போதும் தீரவில்லை. தரை ஓடுகள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தன.

கதவுப் பக்கத்திலிருந்து ஆரம்பித்து, கடைசி ஓடு வரை இழைத்து இழைத்து அடித்து, ஜன்னலுக்குக் கீழே கவிழ்த்து வைத்திருந்த பக்கெட்டில் ஏறி நின்று, டப்பாவின் அடியை வழித்து முடித்தேன். நிமிர்ந்து பார்த்தேன். கதவு அந்தப் பக்கம் இருந்தது. நான் இந்தப் பக்கம் இருந்தேன். நடுவில் ஈரம்.

"என்னங்க, முடிஞ்சுதா?" மனைவி வாசலில் வந்து நின்றாள்.

"முடிஞ்சுது."

"வெளிய வர்றது?"

"காயட்டும்னு பார்க்கிறேன்."

"எப்ப காயும்?"

"நாளைக்குக் காலையில."

அவள் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. உள்ளே போய் ஒட்டடைக் குச்சியை எடுத்து வந்து, அதன் நுனியில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டைக் கட்டி என்னிடம் நீட்டினாள். பக்கெட்டின் மேல் நின்றபடி பறித்துக்கொண்டேன். அப்போது மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

"யாரு அது?"

"ஓனர் சார்தான். நான்தான் வரச் சொன்னேன்."

"ஐயோ, ரகசியம்னு சொன்னேனே!"

"நீங்கதான் பக்கெட் மேல இருக்கீங்களே. இப்ப ஒண்ணும் பண்ண முடியாது, பிஸ்கட்டைச் சாப்பிடுங்க."

ஓனர் வந்து எட்டிப் பார்த்தார். வீட்டைக் காலி பண்ணு என்ற வார்த்தைக்காகக் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். கண்ணைத் திறந்தால் மனிதர் கதவைப் பிடித்துக்கொண்டு சொக்கிப்போய் நிற்கிறார்.

"இது என் வீடா?"

"ஆமா சார்" என்றாள் மனைவி.

"இப்படி ஒரு பாத்ரூமை வாடகைக்கு விட்டுட்டு நான் கீழ குளிக்கிறதா? தம்பி, கோவிச்சுக்காதீங்க. நான் மேல வந்துடறேன். நீங்க வேற வீடு பார்த்துக்குங்க."

பக்கெட் ஆடியது. நான்தான் ஆடியிருக்க வேண்டும். என் ஜன்னலோரக் கட்டில், என் மதியத் தூக்கம் எல்லாம் கண் முன்னால் படி இறங்கிப் போயின. ஆனால் அடுத்த நொடியே மூளை வேலை செய்தது. அபூர்வமாகச் செய்யும்.

"சார், நீங்க மேல வந்தா கீழ் வீடு காலிதானே? நாங்க அங்க வந்துடறோமே?"

"தாராளமா வாங்க தம்பி."

மனைவி குறுக்கே வந்தாள். "கீழ பாத்ரூம் எப்படி சார் இருக்கும்?"

"அது இதைவிட மோசம்மா."

"கேட்டீங்களா?" என்று என் பக்கம் திரும்பினாள்.

"மோசமா இருந்தா என்ன? நான் பண்ணித் தரேன்" என்றேன் அவசரமாக.

"பாத்ரூம் எவ்வளவு பழசா இருந்தாலும் பண்ணிடுவீங்களா?"

"பண்ணிடுவேன்."

"வீடு மாறவும் சம்மதமா?"

"பரிபூரண சம்மதம்."

"சார், நீங்களே சாட்சி" என்றாள் ஓனரிடம். அவரும் கோர்ட்டில் சாட்சி சொல்லக் கூப்பிட்ட மாதிரியே தலையாட்டினார். பிறகு அவள் போனை எடுத்தாள். "அக்கா, அவர் ஒத்துக்கிட்டாரு. மாமாகிட்ட சொல்லிடு."

"எந்த மாமா? எதுக்கு ஒத்துக்கிட்டேன்?"

"அக்கா வீட்டு மாடி காலியா இருக்குல்ல. பாத்ரூம் ரொம்பப் பழசுன்னு யாரும் வரலையாம். உங்க போட்டோவைப் பார்த்துட்டு, இவரே வந்து பண்ணித் தந்தா பாதி வாடகை போதும்னு மாமா சொல்லிட்டாரு. மேல முடிச்சதும் கீழயும் பண்ணணுமாம்."

நாலு பேர் பார்க்க வேண்டும் என்று அவள் சொன்ன அந்த நாலு பேரில் முதல் ஆள் என் சகலை! பதில் சொல்ல வாயைத் திறந்தேன். பிஸ்கட் இருந்தது.

ஓனர் படி இறங்கிப் போன பிறகும் ஒரு சந்தேகம் மட்டும் நெஞ்சை அரித்தது. "நான் கதவுப் பக்கத்துல ஆரம்பிக்கும்போது நீ இங்கதானே நின்னுட்டிருந்தே? உள்ள மாட்டிக்குவேன்னு உனக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சுது. சொல்லியிருந்தா வெளிய வந்து ஓனரைப் படியிலேயே திருப்பி அனுப்பியிருப்பீங்களே." விளக்கை அணைக்கப் போனவள் நின்று திரும்பினாள். "அக்கா வீட்ல மட்டும் உள்ளேயிருந்து ஆரம்பிச்சு வெளிய வாங்க. விடியக்காலையில மாமா உங்களை நடக்கக் கூட்டிட்டுப் போகணும்ல."