பந்துக்கு மொத்தமாய் ஒரு கும்பிடு

அன்னவாசல்,
ஈசுவர வருஷம், கார்த்திகை மாதம்

ஈப்போ ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக விளங்கும் மகாராஜராஜஸ்ரீ மாப்பிள்ளை ஆத்மநாதன் அவர்கள் சமூகத்துக்கு, மைத்துனன் ஆவுடையப்பன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நான், என் தங்கையும் தங்கள் மனைவியுமான அமிர்தவல்லி, தங்கள் குமாரன் சிரஞ்சீவி திருப்பதி, கறவைப் பசு, தாங்கள் அனுப்பிய புட்பால் ஆகிய யாவரும் பெரிய சேதமின்றிச் சௌக்கியம். தங்கள் சௌக்கியத்தையும் அவ்விடத்து மழை விவரத்தையும் எழுதவும்.

முதலில் முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன். தாங்கள் கப்பல் ஏற வேண்டியதில்லை. நாலு வயசாகியும் பையன் யாரோடும் சேராமல் ஆத்தா முந்தானையைப் பிடித்துக்கொண்டே நிற்கிறானாம் என்று தங்கள் சித்தப்பா தங்களுக்கு எழுதியதும், தாங்கள் உடனே ஒரு பந்தை அனுப்பி, பொங்கலுக்குள் அவன் தெருப் பிள்ளைகளோடு ஓடி விளையாடவில்லையென்றால் நானே வந்து தாயையும் பிள்ளையையும் தோட்டத்துக்குக் கூட்டிப்போய்விடுவேன் என்று எனக்கு எழுதியதும் நினைவிருக்கும். அதைப் படித்த நாள் முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் ஒண்டிக்கட்டை. ரிஜிஸ்தர் ஆபீஸில் நாளெல்லாம் பத்திரம் எழுதிவிட்டு வீட்டுக்கு வந்தால், என் சட்டைப் பையில் கையை விட்டுப் பொரிகடலை தேட அந்தப் பயலை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

பந்து வந்து சேர்ந்த லட்சணத்தையும் சொல்ல வேண்டும். காற்றில்லாமல் சப்பையாய் வந்ததா, பிரித்துப் பார்த்த அமிர்தவல்லி, "என்ன அண்ணே, தோல் தொப்பி அனுப்பியிருக்காங்க?" என்றாள். நானும் மலாய் நாட்டு வழக்கமாக்கும் என்று தலையில் வைத்துக் கண்ணாடியில் பார்த்தேன். பொருத்தமாகத்தான் இருந்தது. அப்படியே ஆபீஸுக்குப் போயிருப்பேன், வழியில் சைக்கிள் கடை சிவசாமி கண்டு, "அய்யா, அது புட்பாலுங்க, குடுங்க இங்கிட்டு" என்று பிடுங்கிக் காற்றடித்து மானத்தைக் காப்பாற்றினான். பிறகு நான் சும்மா இருப்பேனா? எந்தக் காரியத்துக்கும் ஷரத்து வேண்டும் என்பது என் கட்சி. புதுக்கோட்டையில் விளையாடத் தெரிந்தவர்களை விசாரித்து, விதிகளையெல்லாம் மனப்பாடம் செய்து, தெருவில் இன்னும் பள்ளிக்கூடம் சேராத வாண்டுகள் அத்தனையையும் பொட்டலில் நிறுத்தி, கோலமாவினால் ஆளுக்கொரு வட்டம் போட்டு, நீ சென்டர் பார்வர்டு, நீ கோல் காக்கும் கோலி, வட்டத்தை விட்டு நகரக் கூடாது என்று உத்தரவு போட்டு, ஆப்சைடு என்றால் என்ன என்று விளக்க ஆரம்பித்தேன். விளக்கி முடிப்பதற்குள் கோலி தூங்கிவிட்டான். சென்டர் பார்வர்டு கோலமாவைத் தின்றுகொண்டிருந்தான். பக்கத்து வீட்டுச் சிறுக்கி உண்ணாமலை பந்தைத் தூக்கிப் போய் அவள் தம்பியின் தூளியில் போட்டு ஆராரோ பாடிக்கொண்டிருந்தாள். தூளியை இழந்த தம்பி தரையில் கிடந்து கத்திக்கொண்டிருந்தான்.

சரி என்று பந்தை மீட்டு வந்து, ஒருத்தனை அதட்டி உதைக்க வைத்தேன். உதைத்தான். உதைத்த மறு விநாடி ஐயையோ என்று பந்தின் பின்னால் ஓடி, அதைத் தொட்டு இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டான். அடுத்தவனும் அப்படியே. நெல்லானாலும் புத்தகமானாலும் கூடப்பிறந்தவனானாலும் கால் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும் என்று எல்லா வீட்டிலும் அடித்துப் பழக்கியிருக்கிறோம் அல்லவா, பிள்ளைகள் அதைத் தப்பாமல் செய்கின்றன! ஒருத்தன் ஒற்றிக்கொள்வதைப் பார்த்து, உதைக்காத பிள்ளைகளும் எதற்கும் இருக்கட்டும் என்று வரிசையில் வந்து ஒற்றிக்கொண்டன. பார்த்தவர்கள் ஏதோ சாமி எழுந்தருளியிருக்கிறது என்று நினைத்திருப்பார்கள். திருப்பதியோ இத்தனைக்கும் அசையாமல், சுவரோரத்தில் ஆத்தா முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு நின்றான்.

ஒழுங்கு இல்லை, அதுதான் கோளாறு என்று மறுநாள் பஸ் கண்டக்டர் வெள்ளைச்சாமியிடம் விசிலை இரவல் வாங்கினேன். அவர் டீ குடிக்கப் போயிருந்த நேரம் பார்த்து நான் ஓங்கி ஊதினேன். பொட்டலுக்கு அந்தப் பக்கம் நின்ற பஸ், ரைட் கொடுத்தாயிற்று என்று கிளம்பிப் போயே போய்விட்டது. வெள்ளைச்சாமி டீக் கிளாஸும் கையுமாக ஓடி வந்து, "குமாஸ்தா அய்யா, நீங்க ஊதுன ஊதுல பஸ்ஸு என்னைய விட்டுட்டுப் போயிருச்சுங்க! டிக்கெட்டு யாருங்க கிழிக்கிறது?" என்று என் மேல் பாய, அவரை வில்லுவண்டியில் ஏற்றிப் பின்னாலேயே துரத்த வேண்டியதாயிற்று. அது கிடக்கட்டும். விசில் சத்தத்தில் மிரண்ட திருப்பதி, குதிருக்குப் பின்னால் போய் ஒளிந்தவன் வெளியே வரவில்லை. பொரிகடலை காட்டிக் கூப்பிட்டேன், முகத்தைத் திருப்பிக்கொண்டான். மாப்பிள்ளை, பொரிகடலையைத் திரும்பச் சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டேன். போச்சு, நானே கெடுத்துக்கொண்டேன், பிள்ளை கைவிட்டுப் போகிறது என்று தீர்மானித்துவிட்டேன்.

அப்போதுதான் அமிர்தவல்லி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "அண்ணே, நீங்க செத்த நேரம் அங்கிட்டுப் போயி ஒக்காருங்க. வாயத் தெறக்கப்படாது" என்று சொல்லி, திருப்பதியை இடுப்பில் தூக்கிக்கொண்டு பொட்டலுக்குப் போனாள். என் வட்டங்களையெல்லாம் காலாலேயே அழித்தாள். பிள்ளைகளைக் கூப்பிட்டு, "ஏய், இது நம்ம வீட்டுக் கன்னுக்குட்டி. அவுத்துக்கிட்டு ஓடியாந்துருச்சு. கையால தொட்டா மெரளும். காலால தள்ளித் தள்ளித் தொழுவத்துல சேக்கணும், சரியா?" என்றாள். உண்ணாமலை லேசுப்பட்டவளா? "கன்னுக்குட்டிய மிதிச்சா பாவமில்லையா அத்தே? கண்ணுல ஒத்திக்க வேணாமா?" என்று கேட்டுவிட்டாள். அமிர்தவல்லி ஒரு கணம் யோசித்து, "தடவைக்குத் தடவை வேணாம்டி. வெளையாண்டு முடிச்சு வீட்டுக்குப் போறப்ப எல்லாருமாச் சேந்து மொத்தமா ஒரு கும்பிடு போட்டுருவோம். கன்னுக்குட்டி கோவிச்சுக்காது" என்றாள். என் உத்தியோகத்தில் எத்தனையோ சமரசப் பத்திரம் எழுதியிருக்கிறேன், இதற்கு ஈடாக ஒன்று எழுதியதில்லை.

அவ்வளவுதான், மாப்பிள்ளை! அத்தனை வாண்டும் ஒன்றாய்ப் பாய்ந்தன. கட்சியும் இல்லை, கோலும் இல்லை. பந்து சாணிக் குழியில் விழுந்தது, எங்கள் பசுவின் வயிற்றுக்கடியில் போனது, மோர்க்காரி மூக்காயியின் பானையில் மோதியது. "எந்த எடுபட்ட பய எறிஞ்சது?" என்று ஆரம்பித்த மூக்காயி, பந்து காலடியிலேயே கிடக்கவும் அவளும் ஒரு எத்து எத்திவிட்டுத்தான் மிச்சத்தைத் திட்டினாள். அந்தப் பந்து உருண்டு வந்து, இடுப்பிலிருந்து இறங்கி மறுபடி முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்த திருப்பதி முன்னால் நின்றது. பையன் ஆத்தாளைப் பார்த்தான், அவள் கொண்டையைச் சரிசெய்துகொண்டாள். என்னைப் பார்த்தான், நான் வேறு பக்கம் திரும்பிக் காக்காய் பார்த்தேன். மெல்ல முந்தானையை விட்டான். இடது காலால் ஒரு தட்டுத் தட்டினான். பந்து ஒரு சாண் போயிற்று, பையன் மல்லாக்க விழுந்தான். நான் எழுந்துவிட்டேன், அமிர்தவல்லி முறைத்தாள், உட்கார்ந்துவிட்டேன். எழுந்த பயல் அழவில்லை. "ஏய்! எங்க வீட்டுக் கன்னுக்குட்டிடா, விடுங்கடா!" என்று தெருவே அதிரக் கத்திக்கொண்டு கும்பலுக்குள் புகுந்துவிட்டான். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு நான் அழுதுவிட்டேன்.

அன்று முதல் சாயங்காலமானால் பிள்ளைகள் எங்கள் வாசலுக்கு வந்து கன்னுக்குட்டியை அவிழ்த்துவிடச் சொல்கின்றன. யார் ஜெயித்தது என்று கேட்டால் எல்லாம் "நானு" என்கின்றன. கடைசியில் பந்தைச் சுற்றி நின்று மொத்தக் கும்பிடு போடும்போது எல்லோருக்கும் மேலே கேட்பது திருப்பதியின் குரல்தான். சித்தப்பாவுக்கும் ஒரு வரி எழுதிப்போடுங்கள். ஆகையால் கடல் கடந்து, அலையில் புரண்டு, உத்தியோகத்தைக் கெடுத்துக்கொண்டு தாங்கள் வரவே வேண்டாம். பையன் இங்கே ராஜாவாக இருக்கிறான். நானும் ராத்திரி தூங்குகிறேன்.

திருக்கோகர்ணம் பிரகதாம்பாள் கிருபையால் தங்களுக்குச் சம்பள உயர்வும் கொசுக்கடியில்லாத தூக்கமும் வாய்க்கட்டும். தோட்டத்தில் நம்மவர்கள் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
ஆவுடையப்பன்

பி.கு.: இதை மடித்து உறையில் போடப்போகும் சமயம், உண்ணாமலையின் அப்பன் வயலிலிருந்து வந்தவன் பிள்ளைகளோடு சேர்ந்து பந்தை உதைத்தான். பார்த்துக்கொண்டிருந்த திருப்பதி விளையாட்டைப் பாதியில் விட்டு உள்ளே வந்தான். சுவரில் தங்கள் போட்டோ மாட்டியிருக்கிறதே, கோட்டுப் பொத்தானோடு முடிந்துபோகும், அதையே அண்ணாந்து பார்த்தான். தாங்கள் போனபோது அவன் கைக்குழந்தை. "மாமா, எங்கப்பாவுக்குக் காலு இருக்கா?" என்றான். "இருக்குடா, ரெண்டு இருக்கு" என்றேன். "அப்ப ஏன் வரல?" என்றான். அம்மியில் அரைத்துக்கொண்டிருந்த அமிர்தவல்லியின் கை நின்றுவிட்டது. ஆகையால் மேலே எழுதிய அனைத்தும் ரத்து. கிடைத்த கப்பலில் ஏறி வாருங்கள். கூட்டிப்போவதானாலும் கூட்டிப்போங்கள், நான் குறுக்கே நிற்க மாட்டேன். தெருவில் நுழையும்போது மட்டும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாருங்கள். பையன் முதலில் காலைத்தான் பார்ப்பான்.