லேவண்டர் குடியிருப்பின் நாற்ற நோட்டு

ஆம்பூர்,
செவ்வாய்க்கிழமை காலை.

அன்பு மகள் ஃபீபிக்கு அப்பா கிருபானந்தம் ஸ்தோத்திரத்தோடு எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையில் நானும் அம்மாவும் சுகம். லிஃப்ட் மட்டும் சுகமில்லை. கோயம்புத்தூரில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நன்றாயிருக்க தினமும் ஜெபிக்கிறோம். இந்தக் காலத்தில் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போன் பேசினால் உன் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறாள். இது ஸ்பீக்கரில் போடுகிற விஷயம் இல்லை. ஆகையால் இதை நீ மட்டும் படி, படித்ததும் கிழித்துவிடு. வேறு ஒரு கண்ணும் இதைப் பார்க்கக் கூடாது.

முதலில் போன ஞாயிற்றுக்கிழமை மானம் போன கதை. உன் அண்ணன் ரெனால்ட் குவைத்திலிருந்து அனுப்பிய செண்ட் பாட்டிலும் நீலம், நம் பாத்ரூமில் இருக்கிற ஸ்ப்ரே டப்பாவும் நீலம். கண்ணாடி போடாமல் எடுத்து, சட்டைக்கு வெளியே இரண்டு, உள்ளே இரண்டு என்று தாராளமாக அடித்துக்கொண்டு ஆராதனைக்குப் போனேன். பெஞ்சில் இரண்டு பக்கமும் ஆட்கள் நகர்ந்து உட்கார்ந்தார்கள். வயசானவனுக்கு மரியாதையாக இடம் விடுகிறார்கள் என்று நான் தலையை ஆட்டி நன்றி சொன்னேன். வெளியே வரும்போது ஒரு அம்மா மெதுவாக, "ஐயா, இன்னா இது, கழுவி விட்ட கக்கூஸ் மாதிரி மணக்குறீங்க?" என்று கேட்டபோதுதான் விளங்கியது. நீ சிரிப்பது இங்கே கேட்கிறது. சிரி. ஆனால் இதிலிருந்து ஒன்று உனக்குப் புரிந்திருக்கும். என் மூக்கு செத்துப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. தோல் தொழிற்சாலையில் சுண்ணாம்புத் தொட்டி பக்கமே முப்பத்தெட்டு வருஷம் நின்ற மூக்கு, ரிடையர் ஆகும்போது அதுவும் ரிடையர் ஆகிவிட்டது. உன் அம்மாவுக்குக்கூடச் சொல்லவில்லை. அவள் குழம்பு தாளிக்கும்போதெல்லாம் "ஆஹா" என்று குரல் கொடுத்துச் சமாளித்து வருகிறேன்.

இப்போது நாங்கள் குடியிருக்கிற லேவண்டர் குடியிருப்பு நான் வேலை பார்த்த அதே தொழிற்சாலையை இடித்துக் கட்டியது என்பது உனக்குத் தெரியும். உன் அண்ணன் இடம் தெரிந்து வாங்கினானா தெரியாமல் வாங்கினானா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. என் கணக்குப்படி சுண்ணாம்புத் தொட்டி இருந்த இடத்தில்தான் இப்போது நம் கட்டில் கிடக்கிறது. கேட் எதிரில் நாம் டீ குடித்த கடை இப்போது காபி ஷாப். அங்கே காபி மேல் நுரையில் இலை படம் போட்டுத் தருகிறார்கள். கலைக்க மனசு வராமல் ஒருநாள் ஆறவைத்துவிட்டேன். இதெல்லாம் எனக்குப் பேஜார் இல்லை அம்மா, லிஃப்ட் ஓடுகிற நாளில் சௌகரியம்தான். ஆனால் ஃபிர்தௌஸ் மாமா எங்களைப் பார்க்க வந்த அன்று வாட்ச்மேன் அவனை நிறுத்தி, விசிட்டர் நோட்டில் கையெழுத்து கேட்டான். அதே கேட்டில் என்னோடு முப்பது வருஷம் உள்ளே வந்தவன் அவன். கோபப்படவில்லை. எந்தக் காகிதம் கையில் வந்தாலும் படித்துவிடுவது அவன் வியாதி ஆயிற்றே. என் சம்பளச் சீட்டைக்கூட எனக்கு முன்னால் அவன்தான் படிப்பான். முன்னால் வந்தவர்கள் பேரையெல்லாம் சத்தமாகப் படித்து முடித்துவிட்டு, "யாருக்கு யார் விருந்தாளின்னு இப்ப தெரிஞ்சுபோச்சு கிருபா" என்று சொல்லித் தன் பேரை எழுதினான்.

நம் காம்பவுண்டு சுவரை ஒட்டி அந்தப் பக்கம்தான் அவன் ஷெட். தோல் துண்டுகளை வாங்கிப் பர்ஸ், செருப்பு செய்கிற சின்ன இடம். அவன், அவன் பெண் ஹஃப்ஸா, ஒரு தையல் மெஷின், அவ்வளவுதான். அந்த ஷெட்தான் அவன் வீட்டு அடுப்பு. இரண்டு மாதமாக நம் குடியிருப்பில் ஒரே நாற்றம் என்று சொல்கிறார்கள். சொல்கிறார்கள் என்றுதான் நான் எழுத முடியும். சங்கத் தலைவர் ராமமூர்த்தி, பேங்கில் பெரிய வேலை பார்த்தவர், கூட்டம் போட்டார். தோல் ஷெட்டை மூடச் சொல்லி நகராட்சிக்கு மனு கொடுப்பது என்று முடிவு. ஆதாரம் வேண்டுமே? அப்போதுதான் செயலாளர் ஜோதி மேடம், "நம்ம கிருபானந்தம் சார் டேனரியிலயே இருந்தவர், அவர் மூக்கை விட வேற ஆதாரம் வேணுமா?" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள்.

அந்த இடத்தில் எழுந்து "என் மூக்கு வேலை செய்யாது" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். அந்தக் காலத்தில் ஷிப்ட் முடிந்து பஸ் ஏறினால் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து போய் நிற்பார். உன் ஸ்கூல் ஆண்டு விழாவுக்குக்கூட நான் கடைசி வரிசையில் ஜன்னல் ஓரம் பார்த்துத்தான் உட்காருவேன். அப்படிப்பட்டவனை நாற்பது பேர் திரும்பிப் பார்த்து "சார்" என்கிறார்கள், அதுவும் மூக்குக்காக. மயங்கிவிட்டேன் அம்மா.

ஒரு நோட்டும் பேனாவும் கொடுத்தார்கள். காலையும் மாலையும் சுவர் ஓரம் நடந்து, நாற்றம் கம்மியா, சுமாரா, ஜாஸ்தியா என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நானும் நடந்தேன். ஜோதி மேடம் முந்தானை மூக்குக்குப் போனால் ஜாஸ்தி. கர்ச்சீப் என்றால் சுமார். சிரித்துக்கொண்டு போனால் கம்மி. ஒருநாள் அவர் ஊருக்குப் போய்விட்டார், அன்றைக்கு முதல் மாடி நாய் தும்மியதை வைத்து எழுதினேன். மூன்று வாரத்தில் நோட்டு நிரம்பிவிட்டது. அது யாருடைய ஷெட் என்று கைக்குத் தெரியும், மண்டைக்கும் தெரியும். "இதெல்லாம் நகராட்சியில் எவன் படிக்கப் போறான்" என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

படித்துவிட்டார்கள். போன வியாழக்கிழமை நவீன்குமார் என்று ஒரு சுகாதார ஆய்வாளர் நோட்டைக் கையில் பிடித்துக்கொண்டே வந்தார். சங்கமே சுவர் ஓரம் கூடிவிட்டது. அந்தப் பக்கம் ஃபிர்தௌஸ் ஸ்டூல் போட்டு ஏறி, சுவருக்கு மேலே தலையும் தொப்பியுமாக நின்றான். ஹஃப்ஸா தெரியவில்லை. தையல் மெஷின் சத்தமும் கேட்கவில்லை.

ஆய்வாளர் என்னிடம் வந்தார். "சார், நீங்கதான் தொழில் தெரிஞ்சவர். பார்த்துச் சொல்லுங்க, இது தோல் நாத்தம்தானா? நீங்க ஆமான்னா இப்பவே சீல் வெச்சுட்டுப் போய்ட்றேன்."

நான் மூக்கை உறிஞ்சினேன். காற்று வந்தது. வேறு ஒன்றும் வரவில்லை. சுவருக்கு மேலே அவன் கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

"தோல் நாத்தம் இல்ல சார்" என்று தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினேன். "தோல் நாத்தம்னா எனக்குத் தெரியாதா?"

ராமமூர்த்தி என் காதோரம் வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, "அப்ப நோட்ல இருபது நாள் ஜாஸ்தின்னு எழுதியிருக்கீங்களே?" என்றார்.

நானும் அவர் காதுக்கு மட்டும், "ஜாஸ்தின்னுதான் சார் எழுதினேன். எந்த நாத்தம்னு எழுதலையே" என்றேன்.

ஆய்வாளருக்கு நல்ல மூக்கு. மோப்பம் பிடித்துக்கொண்டே போய், சுவருக்கு எதிர்ப் பக்கம், நம் ஜிம்முக்குக் கீழே இருக்கிற செப்டிக் டேங்க் முன்னால் நின்றார். மூடி பாதி உடைந்திருந்தது. நெம்பித் திறந்ததும் சங்கம் மொத்தமும் கேட் வரைக்கும் ஓடியது. நான் மட்டும் குனிந்து உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். "இன்னா சார், மூக்கைக்கூட பொத்தல!" என்றார் ஆய்வாளர். "சர்வீஸ்" என்றேன். அதன் பலன், மறுநாள் கூட்டத்தில் என்னை ஒருமனதாக செப்டிக் டேங்க் கமிட்டித் தலைவராகப் போட்டுவிட்டார்கள். கர்த்தர் சித்தம்.

ஆய்வாளர் வந்துபோன அன்று சாயங்காலமே ஃபிர்தௌஸ் பிரியாணியோடு வந்தான். விசிட்டர் நோட்டைப் படித்துவிட்டுத்தான் வந்தான். "உனக்கு நிஜமாவே வாசன தெரிஞ்சுதா?" என்றான். "உனக்கு?" என்றேன். "எனக்கா? நானும் அதே தொட்டிகிட்டதான நின்னேன்" என்றான். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் உன் அம்மா சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டான். "எந்த நாய் அந்த நோட்ட எழுதுச்சோ தெரியல. ஆனா நீ ஒரு வார்த்தை சொல்லி என் ஷெட்ட காப்பாத்திட்ட தோஸ்த். ஹஃப்ஸா உனக்காக துவா பண்ணுறா" என்றான்.

நான் "பிரியாணி நல்ல வாசனை" என்றேன். அன்றிலிருந்து என் காலில் இருப்பது அவன் தைத்துக் கொடுத்த செருப்பு. அளவு சரியாக இருக்கிறது. அதுதான் கடிக்கிறது.

நீ நர்ஸ், எத்தனையோ பேரிடம் கஷ்டமான சேதிகளைச் சொல்லியிருப்பாய். இந்த நோட்டு விஷயத்தை அவனிடம் எப்படித் தொடங்குவது என்று இரண்டு வரி எழுது. மாப்பிள்ளைக்கு என் அன்பு. பேரனுக்குத் தாத்தாவின் நூறு முத்தம். உங்கள் வீடும், வாசலும், குழாய்த் தண்ணீரும் குறைவில்லாமல் இருக்கக் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக.

இப்படிக்கு,
உன் அப்பா
கிருபானந்தம்
(தலைவர், செப்டிக் டேங்க் கமிட்டி)

பி.கு.: வேறு ஒரு கண்ணும் பார்க்கக் கூடாது என்று மேலே எழுதியது இருக்கட்டும். இந்த உறையில் இருக்கிற பசை எவ்வளவு நக்கினாலும் ஒட்டவில்லை. வீட்டிலும் பசை இல்லை. ஃபிர்தௌஸ் ஷெட்டில் பெரிய டப்பா நிறைய இருக்கிறது, தபால் பெட்டியும் அவன் போகிற வழியில்தான். அதனால் உறையைத் திறந்தபடியே அவனிடம் கொடுத்து, ஒட்டிப் போடச் சொல்லப் போகிறேன். கொடுக்கும்போது "பிரிச்சுப் படிக்காத பாய்" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

அதை மட்டும் சொல்ல மாட்டேன்.