ஆறு முட்டையும் ஒரு யுஎஸ்பி கம்பியும்

அன்புள்ள மருமகனுக்கு அத்தை எழுதுவது. நானும் உன் மாமாவும் சௌக்கியம். முட்டைகள் ஆறும் சௌக்கியம் என்றுதான் நம்புகிறேன். உடைத்துப் பார்த்து உறுதி செய்துகொள்ள வழியில்லை.

அடைகாத்த பன்னிரண்டாம் நாள் நம் கருப்பிக் கோழியை நாய் தூக்கிக்கொண்டு போனது உனக்குத் தெரியும். மீதி ஒன்பது நாளைக்கு நீ அனுப்பிய சின்ன எலக்ட்ரானிக் பலகையை நம்பித்தான் முட்டைகளை அட்டைப்பெட்டியில் வைத்து, துண்டால் மூடி, மாமாவின் தையல் மேசைக்கு அடியில் தள்ளினோம். சூடு குறைந்தால் பலகை பெட்டிக்குள் இருக்கும் பல்பைப் போடும், கூடினால் அணைக்கும், எவ்வளவு சூடு என்பதை யுஎஸ்பி வழியாகக் கணினிக்குச் சொல்லும் என்று நீ போனில் சொன்னபோது எல்லாம் சுலபமாகத்தான் இருந்தது.

சொருகினேன். பலகையில் விளக்கு எரிந்தது, கணினியோ அப்படி ஒருவர் வந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்தவளுக்கு இது புரியாதா? லைனில் கரண்ட் இருக்கிறது, பேச்சு இல்லை. சில சார்ஜர் கம்பிகளில் மின்சாரம் மட்டுமே போகும், தகவல் போகாது என்பதை வீட்டிலிருந்த மூன்று கம்பிகளையும் மாற்றிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். கடைசியில் பழைய கேமராவின் கம்பிதான் கைகொடுத்தது. கணினியின் பட்டியலில் பலகை பேசும் வாசலாக 'காம் 5' என்று ஒரு போர்ட் முளைத்தது. பக்கத்துத் துளையில் சொருகினால் அதுவே 'காம் 7'. எக்ஸ்டென்ஷன் நம்பரைக் குறித்து வைக்காமல் எனக்குச் சோறு இறங்காது, இரண்டையும் நோட்டில் எழுதினேன். கணினித் திரையில் எண்களைக் காட்டும் ஜன்னலைத் திறந்தேன். சூடு 37.3, 37.4 டிகிரி என்று வரிசையாக இறங்க, பார்த்துக்கொண்டே இருந்ததில் டீ ஆறிப்போனது.

வம்பு அதற்கப்புறம்தான். கணினி சூடேறுகிறதே என்று சாயங்காலம் அதை அணைத்துவிட்டு, பலகையை சார்ஜரில் சொருகினேன். பலகையில் அதுவரை கண் சிமிட்டிக்கொண்டிருந்த விளக்கு இப்போது சிமிட்டவில்லை. "என்னங்க, உள்ள பல்பு எரியுதா?" என்று கேட்டேன். "எரியுது, எரியுது. துண்டைத் தொறக்காத, சூடு போயிடும்" என்றார் உன் மாமா, சட்டைப் பட்டனுக்குக் காஜா எடுத்தபடி. முட்டையைத் திருப்பிவைக்கும் வேலையையும் அவரே எடுத்துக்கொண்டதால் நான் பெட்டிப் பக்கமே போகவில்லை. காலையில் கணினியில் சொருகினால் மறுபடி மௌனம். ஜன்னலைத் திறந்த நொடியில் பேச்சு. கழற்றுவதும் சொருகுவதுமாகப் பதினொரு முறை செய்து பார்த்தேன். பதினொரு முறையும் அப்படியே. நாட்கணக்கில் இதே கதைதான்.

பிறகு உன் புரோகிராமை ஒவ்வொரு வரியாகப் படித்தேன். பாதி புரியவில்லை, ஆனால் தொடக்கத்திலேயே ஆள் அகப்பட்டார். கணினியில் யாராவது போர்ட்டைத் திறக்கும்வரை காத்திரு என்று ஒரு வரி எழுதியிருக்கிறாய். எதிர்முனையில் எடுக்காமல் பேசாதே என்பது எங்கள் ஆபீஸ் ஒழுங்கு, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் முட்டைக்குச் சூடு கொடுக்க யார் ஃபோனை எடுக்க வேண்டும்? நீ எப்போதும் ஜன்னலைத் திறந்து வைத்தே சோதித்திருப்பாய், அதனால்தான் உனக்குத் தெரியவில்லை. பலகை அந்த வரியைப் படிக்காமல் தாண்டிப்போகும்படி அதற்கு முன்னால் இரண்டு சாய்கோடு போட்டு, புரோகிராமைத் திரும்ப ஏற்றினேன். இப்போது சார்ஜரிலும் சமர்த்தாகச் சிமிட்டுகிறது. இந்த அறுபத்தாறு வயதில் எனக்கு இவ்வளவு சந்தோஷம் வந்து நாளாயிற்று.

ஒன்று மட்டும் விளங்கவில்லை. பலகை வாயடைத்துக் கிடந்த நாட்களிலும் காலையில் வரும் முதல் எண் 37-க்குக் கீழே இறங்கவே இல்லை. அது எப்படி என்று விவரமாக எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள். கண்ணுக்கு ஓய்வு கொடு. மாமாவும் உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னார்.

உன் அத்தை

பி.கு.: உறையை ஒட்டுமுன் வெற்றிச் செய்தியை மாமாவிடம் சொல்லப் போனேன். மனிதர் மேசைக்கு அடியில் மண்டியிட்டு, பெட்டிக்குள் வெந்நீர்ப் பையை மாற்றிக்கொண்டிருந்தார். "பல்பு மொத நாளே போயிடுச்சு. அந்த மாதிரி கடையில கெடைக்கல" என்றார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீ அந்தப் பலகையோட அவ்வளவு ஆசையா மல்லுக்கட்டிக்கிட்டிருந்த. சொல்ல மனசு வரல." ஒன்பது நாளாக மணிக்கொரு தரம் வெந்நீர் வைத்திருக்கிறார், பாவி மனிதர். எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. திட்ட வாயெடுப்பதற்குள் ஒரு முட்டையில் விரிசல் விட்டது. இருவரும் தரையில் குப்புறப் படுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், அதனால்தான் கையெழுத்து இப்படி.