அவசர மொட்டை

சாவைக் கண்டு நான் பயந்ததில்லை. பல் பிடுங்கும் இடுக்கியைக் கண்டால்தான் உயிர் போகும். இந்த வீரத்தால் தலைமுடியைப் பறிகொடுத்தது என் அக்கா மகள்.

செஞ்சி பஜாரில் புதிதாகத் திறந்த லேபில் முழு உடம்புப் பரிசோதனைக்குத் தள்ளுபடி போட்டிருந்தார்கள். (தள்ளுபடி என்றால் நான் ரத்தம்கூடக் கொடுப்பேன்.) ரிப்போர்ட்டில் மற்றதெல்லாம் ஒழுங்காக இருக்க, சி.ஆர்.பி. என்ற ஒன்று மட்டும் எகிறியிருந்தது. டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே போனைப் பார்த்தேன். உடம்புக்குள் அழற்சி இருந்தால் அது ரத்தத்தில் ஏறுமாம். ஏறியே இருந்தால் மாரடைப்புக்கு வாய்ப்பு அதிகமாம். கீழே இன்னும் ஏதோ எழுதியிருந்தது. கண்ணீர் மறைத்ததால் படிக்கவில்லை.

அன்று மாலையே அக்காவிடம் போய் நின்றேன்.

"பாப்பாவ மடியில வச்சு மொட்டை அடிக்கிற பாக்கியம் இந்தத் தாய்மாமனுக்கு இருக்குதோ இல்லியோக்கா."

அக்கா ஓவென்று அழுதுவிட்டாள். தை மாதம் வைத்திருந்த மொட்டை அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஓடிவந்தது. வல்லம் பக்கத்திலுள்ள எங்கள் குலதெய்வக் கோயிலில், மடியில் பாப்பா வீறிட, நான் வானத்தைப் பார்த்து விடைபெற்றுக்கொண்டிருந்தேன். வந்த சொந்தமெல்லாம் பாப்பாவுக்கு மொய்யும் எனக்கு ஹார்லிக்ஸும் கொடுத்தது.

கெடா விருந்தில்தான் மாட்டினேன். கடைசிக் கறியாயிற்றே என்று நல்லி எலும்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

"இன்னாடா, ஒரு பக்கமாவே மெல்லுற?" என்றாள் அக்கா.

"ஒண்ணும் இல்லக்கா."

"வாயத் தொற."

பந்தியில் அத்தனை பேர் முன்னாலும் திறந்தேன். ஒரு மாதமாகக் கிராம்பு வைத்து மறைத்த கடைவாய்ப் பல்லடியில் ஈறு வீங்கிச் சீழ் கோத்திருந்தது. அக்கா என்னை டாக்டரிடம் இழுத்துப் போனாள்.

"இந்தச் சீழுக்கே சி.ஆர்.பி. ஏறும்பா. மொதல்ல பல்லப் பாரு. ஆறினப்புறம் திரும்ப டெஸ்ட் எடுத்துட்டு இதயத்தப் பத்திப் பேசலாம்" என்றார் டாக்டர்.

பல்லைப் பிடுங்கியபோது நான் போட்ட கூச்சல் கோட்டை வரை கேட்டிருக்கும். அடுத்த டெஸ்டில் சி.ஆர்.பி. சமர்த்தாக இறங்கியிருந்தது. "அப்போ ஒண்ணுமே இல்லியா?" என்று அக்கா கேட்டதில் சந்தோஷத்தைவிடக் கெடா போன வருத்தம்தான் அதிகம்.

பாப்பா இப்போது ஒன்றாம் வகுப்பு, இரட்டைச் சடை. நான் சும்மா நெஞ்சைத் தடவினால் போதும். இரண்டு சடையையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு தூரத்தில் போய் நிற்கிறாள்.

"மாமா, மொதல்ல வாயத் தொற!"