குப்புறப் படுத்த தலைமையாசிரியர்

"இவ்வளவு இறுக்கிக்கிட்டா பஞ்சை எப்படி எடுக்கறது சார்? கொஞ்சம் தளர விடுங்க."

தலைமையாசிரியர் தளர விட்டார். முப்பத்திரண்டு வருட உத்தியோகத்தில் இன்னொருவர் உத்தரவுக்கு அவர் இவ்வளவு சீக்கிரம் பணிந்தது இதுவே முதல் தடவை.

பின்பக்கத்தில் வந்த பவுத்திரத்துக்கு அறுவைச் சிகிச்சை முடிந்து நான்காம் நாள். விடுப்புக் கடிதத்தில் 'உடலின் மையப் பகுதியில் ஒரு சிறு திருத்தம்' என்று எழுதியிருந்தார். மையம் எது என்று கேட்கும் தைரியம் பள்ளியில் யாருக்கும் இல்லை. புண்ணைத் தைக்காமல் திறந்தே விட்டிருந்தார்கள். உள்ளிருந்து மெல்ல ஆறி வர வேண்டுமாம். அதுவரை தினமும் வீட்டுக்கே வந்து கட்டு மாற்ற ஆஸ்பத்திரியிலிருந்து ஓர் ஆள். முப்பத்தைந்து வயது, வழுக்கை, அவசரமில்லாத கை. பெயர் கேட்கத் தோன்றாததால் வீட்டில் அவர் 'கட்டுக்காரர்'. அவர் வரும்போதே நோயாளி குப்புறப் படுத்துத் தயாராக இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஆகவே ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லையே தவிர, அறிமுகம் ஆழமாகத்தான் தொடங்கியது.

"எங்க ஸ்கூல்ல ஒரு ஹெட்மாஸ்டர் இருந்தாரு சார்," என்றார் கட்டுக்காரர், இடுக்கியை எடுத்தபடி. "ஷூ லேஸ் அவிழ்ந்திருக்குன்னு ஒருநாள் எல்லார் முன்னாடியும் என்னைக் குனிய வச்சு வெளுத்தாரு. எந்த இடத்துலன்னு உங்களுக்குச் சொல்ல வேணாம்."

தலைமையாசிரியர் தலையணைக்குள் கண்ணைத் திறந்தார். யார் இவன்? நினைவில் துழாவினார். ஷூ லேஸ் வகையில் மட்டுமே இருநூறு பேர் தேறுவார்கள். தலை சீவாதவர்கள் தனி. எல்லோரையும் குனிய வைத்தே பார்த்துப் பழகியதில் ஒரு முகமும் ஞாபகத்துக்கு வரவில்லை.

கட்டுக்காரர் போனதும் மனைவியைக் கூப்பிட்டார்.

"எனக்குத் தொண்டை கட்டிடுச்சுன்னு சொல்லிடு. அந்த ஆள் முன்னாடி நான் பேசப் போறதில்ல."

"இதை ஒரு முப்பது வருஷம் முன்னாடி முடிவு பண்ணியிருக்கலாம்," என்றாள் மனைவி.

மறுநாள் சொன்னாள். கட்டுக்காரர் வருத்தப்பட்டார். "அடடா, அப்ப வலிச்சாலும் சொல்ல முடியாதே. சரிம்மா, நானே உள்ள வரைக்கும் நல்லாச் சுத்தம் பண்ணிடறேன்."

பண்ணினார். தலையணை உறையின் ஓரம் தலைமையாசிரியரின் பல்லோடு வந்துவிட்டது.

அடுத்த யோசனை போட்டோக்கள்; கட்டுக்காரர் அவற்றை இன்னும் நின்று பார்க்கவில்லை என்று ஒரு நம்பிக்கை. கூடத்துச் சுவர் முழுக்க அவர்தான்: கோப்பையோடு, கேடயத்தோடு, கை கட்டி நிற்கும் ஆசிரியர்கள் நடுவே கால்மேல் கால் போட்டு.

"எல்லாத்தையும் இறக்கிடு."

"எதுக்குங்க?"

"கேள்வி கேக்காதே."

இருபத்தேழு படங்களும் இறங்கின. அழுக்குச் சுவரில் இருபத்தேழு வெள்ளைக் கட்டங்கள் முளைத்தன.

"என்னம்மா, வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போறீங்களா?" என்றார் கட்டுக்காரர்.

சொந்தமாகப் பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனைவி, தானாக வந்து கையில் விழுந்த பொய்யைப் பிடித்துக்கொண்டாள். "ஆமாங்க."

"அய்யய்யோ, திறந்த புண்ணும்மா, தூசி ஆகாது. கட்டிலை முன்ரூமுக்கு மாத்திடலாம். ஒரு கை பிடிங்க."

முன்ரூமுக்குத் தெருவைப் பார்த்து ஜன்னல். ஜன்னலுக்குத் திரை கிடையாது. கட்டு மாற்றுகிற நேரமும் பள்ளி விடுகிற நேரமும் ஒன்று. மனைவி போர்வையை இரு கையாலும் விரித்துப் பிடித்து நின்றாள். வெளியே மாணவர்களின் சத்தம் நெருங்கி வர வர, உள்ளே அவருக்கு வியர்த்துக் கொட்டியது. அதில் ஒருவன் நின்று எட்டிப் பார்த்தால் போதும், காலமெல்லாம் கட்டிக் காத்த மரியாதை காலை வழிபாட்டுக்குள் காணாமல் போய்விடும்.

தாங்க முடியாமல் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். "வேற ஆள் அனுப்புங்க."

"அந்த இடத்துக்கு அவர் ஒருத்தர்தான் சார் கை வைப்பாரு," என்றாள் வரவேற்பில் இருந்தவள்.

அடுத்த நாள் கட்டுக்காரர் நேராகப் பழைய கட்டை வெட்டத் தொடங்கினார். கத்தரி மட்டும் பேசியது.

"என்னை மாத்தச் சொன்னீங்களாமே. பரவால்ல சார்." கத்தரி நின்றது. "எங்க ஹெட்மாஸ்டரும் அப்படித்தான், பிடிக்கலன்னா டிசியக் கிழிச்சுக் கையில குடுத்துடுவாரு. அவர் மட்டும் என்னைக்காவது என் கையில சிக்கட்டும்..."

வாக்கியத்தை முடிக்காமல் பையை மூடினார். வாசலில் திரும்பி, "நாளைக்குக் கொஞ்சம் ஆழமாப் பாக்கச் சொல்லியிருக்காரு டாக்டர்," என்றார்.

அன்று தலைமையாசிரியர் சாப்பிடவில்லை. சாப்பிட்டால் அதற்கொரு பின்விளைவு உண்டு என்பது வேறு விஷயம்.

மறுநாள் இடுக்கி தட்டிலிருந்து எழும் ஓசை கேட்டதும் அவர் உடைந்துபோனார்.

"தம்பி, ஒரு நிமிஷம்."

ஆறு நாளாகத் தலையணைக்குள் இருந்த முகம் வெளியே வந்தது. கண்கள் கலங்கியிருந்தன.

"அந்த ஹெட்மாஸ்டர் நான்தான். அந்த லேஸ் விஷயம்... சின்னப் பையனை அப்படி அடிச்சிருக்கக் கூடாது. என் தப்புதான். மன்னிச்சிடுங்க."

கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கடைசிச் சொல்லை அவர் வாயால் கேட்டறியாத மனைவி, வெந்நீர் டப்பை அப்படியே தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

கட்டுக்காரர் இடுக்கியை மெல்லக் கீழே வைத்தார். தலைமையாசிரியர் அந்த முகத்தில் கோபத்தைத் தேடினார், சங்கடம்தான் கிடைத்தது.

"எனக்கு ஸ்கூல்ல ஒரு அடிகூட விழுந்ததில்லயே சார், பேஷண்ட் அசையாமப் படுத்திருக்கணுமேன்னு, ஆஸ்பத்திரிச் சீட்டுல என்ன உத்தியோகம்னு பாத்து அதுக்கேத்த மாதிரி ஒரு கதை விடுவேன், போன வாரம் லாக்கப் கதை கேட்ட இன்ஸ்பெக்டரும் இப்படித்தான், 'அது நான்தான்'னு அழுதுட்டாரு."